பசை பார்த்துக்கொள்ளும்

1

இந்தக் கதை எனக்குச் சொல்லப்பட்டபோது என் வாய் திறந்துதான் இருந்தது. ஆனால் என்னால் பேச முடியவில்லை. கதை பிறந்த இடம் அது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனால். செய்துகொண்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டு, மீதி வாயை ஒரு ரப்பர் விரிப்பால் மூடி, சட்டத்தில் இழுத்து மாட்டிவிடுவார்கள். எச்சில் பல்லுக்குள் போகக் கூடாது, மருந்து தொண்டைக்குள் போகக் கூடாது. விரிப்புக்குப் பின்னால் படுத்திருப்பவருக்கு உலகத்தோடு பேச மிஞ்சியிருப்பது 'ம்' ஒன்றுதான்.

டாக்டர் வேலை செய்துகொண்டே பேசுகிறவர். முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு, காத்திருப்போர் அறையில் கிடக்கும் வாரப் பத்திரிகையில் என் கதைகளைப் படிப்பதாகச் சொன்னார்.

"உங்க கதையில எல்லாரும் கடைசியில நல்லவங்களா ஆயிடுறாங்களே சார். அது எப்படி?"

'ம்' என்றேன்.

"நிஜமாவே கேக்கறேன். எங்க வீட்டுல ஒரு கதை ஓடிட்டிருக்கு. அது அப்படி முடியும்னு தோணல."

பிறகு சொன்னார். என் பல்லின் உட்புறத்தைப் பார்த்தபடி, என் கண்களை ஒருமுறைகூடப் பார்க்காமல் சொன்னார். குறுக்கே கேள்வி கேட்க முடியாத ஒருவர் கிடைத்தது அவருக்கு வசதியாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். எல்லாம் முடிந்து விரிப்பைக் கழற்றியபோது என் உதடு மரத்திருந்தது. வார்த்தைகள் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தன. அப்படியே கேட்டேன், இதை எழுதலாமா என்று. கை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"எழுதுங்க. ஆனா ஒண்ணு. என்னை நல்லவளாக்கிடாதீங்க."

எனக்கு இது பெரிய நிபந்தனை. எழுத உட்காரும் முன் கண்ணை மூடி வேண்டிக்கொள்கிறவன் நான். யார் மனமும் புண்படாத ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பதுதான் எப்போதும் என் வேண்டுதல். இந்த முறை கண்ணை மூடினேன். கடவுளிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் திறந்துவிட்டேன்.

(நேரில் நான் டாக்டரை 'நீங்க' என்றுதான் பேசுகிறேன். கதைக்குள் 'அவள்' என்று எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் வெட்கப்படும்போது எட்ட நின்று 'அவர்' என்பது எனக்கு ஏனோ இன்னும் பெரிய தண்டனையாகத் தோன்றுகிறது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"அன்று காலையிலிருந்தே டாக்டருக்குத் தலைவலி. முந்தின நாள் முழுக்க ஓயாத நோயாளிகள். வீட்டில் மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள். இரவெல்லாம் கண் மூடாமல் அவள் நெற்றியில் ஈரத்துணி—"

[நிறுத்திவிட்டேன். தலைவலி இல்லை. காய்ச்சல் இல்லை. அவளுக்கு மகளே இல்லை. அவளுக்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று நானாக ஒரு குழந்தையைப் பெற்று, அதைக் காய்ச்சலில் படுக்க வைத்திருக்கிறேன். என் கை எவ்வளவு சீக்கிரம் சலுகை கொடுக்கிறது பாருங்கள்.]

இரண்டாவது:

"வேர்க்குழாய்களை அடைக்கப் பயன்படும் பசைகளின் கிருமி எதிர்ப்புத் தன்மை பற்றிப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குக் காரணம்—"

[இதுவும் ஒளிந்துகொள்கிற வழிதான். முதல் தொடக்கம் ஒரு குழந்தையின் பின்னால் ஒளிந்தது, இது அறிவியலின் பின்னால்.]

மூன்றாவது ஒரே ஒரு வரி. அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

3

டாக்டர் அந்தப் புள்ளியைப் பார்த்தாள்.

நாற்காலியில் படுத்திருந்தவர் அவளுடைய அண்ணி, கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஒரே விசிலில் மைதானம் முழுவதையும் அசையாமல் நிற்க வைப்பவர். அப்படிப்பட்டவர் பல் நாற்காலியில் சாய்ந்ததும் நாத்தனாரின் அங்கி ஓரத்தைக் குழந்தைபோலப் பிடித்துக்கொள்வார். டாக்டர் படித்துக்கொண்டிருந்த காலத்தில், சொத்தைப் பல் அடைத்துப் பழக யாரும் வாய் கொடுக்க முன்வரவில்லை. அண்ணிதான் பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லை, கடிக்க முடியாமல் திறந்து வைத்துக்கொண்டு, போய் உட்கார்ந்தார். "அவளுக்கு முதல் வாய் என் வாய்தான்" என்று இன்றும் பெருமையடித்துக்கொள்வார். அக்கம்பக்கத்தில் யாருக்குப் பல் வலி வந்தாலும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இங்கே அழைத்து வருவார்.

மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள். வேருக்கு ஒரு குழாய் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. முன்பக்க வேருக்குள் இரண்டாவதாக ஒரு குழாய் மயிரிழைபோல ஒளிந்திருக்கும். மற்ற மூன்றையும் அவள் கண்டுபிடித்து, மெல்லிய அரங்களால் தேய்த்து, மருந்து நீரால் கழுவி முடித்திருந்தாள். அப்போதுதான் பல்லின் தரையில், ஒரு மேட்டின் நிழலில், பேனா நுனி பட்டதுபோல அந்தப் புள்ளி தெரிந்தது. கூர்முனைக் கருவியால் தொட்டாள். முனை சிக்கிக்கொண்டது. வெறும் கறையாக இருந்தால் சிக்காது. நான்காவது குழாய் அங்கே இருந்தது.

கீழே கார் காத்திருந்தது. அன்று பல் மருத்துவர்களின் மாநாடு ஒன்றில் அவள் பேச வேண்டும். புள்ளியைத் திறந்து சுத்தம் செய்ய நேரம் பிடிக்கும். அதைவிட எளிய வழியும் இருந்தது: உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக மூடி, அடுத்த வாரம் வரச் சொல்வது. எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதுதான். ஆனால் முந்தின வாரம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்பும் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்: "ஒரே தடவையில முடிச்சிடறேன் அண்ணி. ரெண்டாவது தடவை நீங்க அந்த நாற்காலியில ஏறவே வேண்டாம்." அண்ணி அதற்குள் பள்ளியின் ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லியாயிற்று.

உதவியாளர் அக்கா பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தார். "இன்னும் சின்ன அரம் எடுக்கட்டுமா டாக்டர்?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"வேண்டாம்க்கா. பசை பாத்துக்கும்."

அந்தப் பசையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சுத்தம் செய்த குழாயை ரப்பர் போன்ற ஒரு மெல்லிய குச்சியால் அடைப்பார்கள். குச்சிக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்குகளை நிரப்புவது பசை. அடைப்பதோடு மீந்துபோன கிருமிகளையும் அது கொல்லும் என்பார்கள். கொல்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வட்டத் தட்டில் கிருமிகளுக்கான உணவைக் கூழாக ஊற்றி உறைய வைத்து, மேலே கிருமிகளைப் பரப்பி, நடுவில் சின்னக் குழி எடுத்து, அதில் பசையை வைத்து, உடம்புச் சூடு உள்ள ஒரு பெட்டிக்குள் மூடிவிடுவார்கள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி மூட்டம் போட்டிருக்கும். பசையைச் சுற்றி மட்டும், நிலா கோட்டை கட்டினாற்போல, தெளிவான ஒரு வளையம் இருக்கும். வளையம் அகலமாக இருந்தால் பசைக்கு வீரியம் அதிகம்.

டாக்டர் தன் மேற்படிப்பில் செய்த ஆய்வு இதுதான். பெட்டியைத் திறந்து முதல் வளையத்தைப் பார்த்த காலையில் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதாகச் சொன்னாள். ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. அப்போது குழைத்த பசையோடு, குழைத்து இறுகிப்போன பசையையும் தனியாக வைத்துப் பார்த்தாள். இறுகிய பசையைச் சுற்றி வளையம் சுருங்கியது. சிலவற்றுக்கு வளையமே இல்லை. குழைத்த புதிதில் கொல்லும்; இறுகியபின் அது வெறும் அடைப்பு. தவிரவும், திறக்கவே திறக்காத ஒரு குழாய்க்குள் பசை எப்படிப் போய்ச் சேரும்? ஆகவே பசையை நம்பாமல் சுத்தம் செய்வதை நம்புங்கள் என்பது அவள் கண்ட முடிவு. கீழே காத்திருந்த கார் அவளை அழைத்துப்போனதும் இதைச் சொல்லத்தான். அன்றைய பேச்சின் தலைப்பு 'பசையை நம்பாதீர்கள்'. கைதட்டினார்களாம்.

(இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் "ரொம்பப் பொருத்தமா இருக்கு, நம்ப மாட்டாங்க" என்று அடித்திருப்பார். நானும் டாக்டரிடம் கேட்டேன், பேச்சு வேறொரு நாள் என்று மாற்றிவிடலாமா என்று. "அதை மாத்தினா மீதி என்ன சார் இருக்கு?" என்றாள்.)

அவசரத்திலும் களைப்பிலும்* அவள் அந்தப் புள்ளியின்மேல் பசையைத் தடவி மூடினாள்.

* அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தப் பக்கங்களை அவளிடம் காட்டினேன். இந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு ஓரத்தில் எழுதியிருந்தாள்: "களைப்பு இல்லை." அடித்துவிடலாம்தான். ஆனால் நான் மறுபடியும் சலுகை கொடுத்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

4

பல் வெகுகாலம் சும்மா இருந்தது. டாக்டரும் அதை மறந்தாள். [மறந்தாளா? "மறக்கல. நெனச்சுக்கல" என்றாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். உங்களுக்கே தெரியும்.]

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அண்ணன் வீட்டில்தான் சாப்பிடுவாள். ஒரு ஞாயிறு, அண்ணி ஆப்பிள் துண்டை வாயின் இடது பக்கத்துக்கு ஒதுக்கி ஒதுக்கி மெல்வதைப் பார்த்தாள். தையல்காரருக்கு அடுத்தவர் சட்டையின் மடிப்புத் தெரிவதுபோல, பல் மருத்துவருக்கு இதெல்லாம் தானாகக் கண்ணில் படும். சிகிச்சை செய்த பல் வலது பக்கம். கேட்டதற்கு, எல்லாம் பழக்கம்தான் என்று அண்ணி பேச்சை மாற்றினார். அடுத்த ஞாயிறு, விசில் வைக்கும் சின்னப் பையிலிருந்து எதையோ எடுக்கும்போது வலி மாத்திரை அட்டை ஒன்று தரையில் விழுந்தது. பாதிக்கு மேல் காலி. அண்ணி சட்டென்று அதைக் காலால் மூடிக்கொண்டு, நாத்தனாரைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதடி."

"எவ்வளவு நாளா அண்ணி?"

"கொஞ்ச நாளாத்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ பாத்த பல்லு. ஊரெல்லாம் உன் கையப் பத்திப் பேசி வச்சிருக்கேன். உன்கிட்டயே வந்து வலிக்குதுன்னா நீ என்ன நினைப்ப?"

வலியை மறைத்தது வலிக்குப் பயந்து அல்ல. டாக்டருக்கு மனம் கோணுமே என்று.

மறுநாள் படம் எடுத்தார்கள். திரையில் முன்வேரின் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நிழல், பொட்டு வைத்ததுபோல. உள்ளே மூன்று வெள்ளைக் கோடுகள், அடைக்கப்பட்ட மூன்று குழாய்கள். நான்காவது கோடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பல்லைப் படித்தவருக்குத்தான் அது தெரியும். மற்றவர்களுக்கு எல்லாம் சாம்பல் நிறம்தான். டாக்டர் வாய் திறப்பதற்குள் அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும். நான்தான் கெடுத்துட்டேன். ஐஸ் கடிச்சுக் கடிச்சு."

அந்தப் பழக்கம் உண்மை. வெயிலில் மைதானத்தில் நின்றுவிட்டு வந்து, தண்ணீர்ப் புட்டிக்குள் கிடக்கும் ஐஸ் கட்டியை வாயில் போட்டு நறநறவென்று கடிப்பார். கேட்கிற நமக்குப் பல் கூசும்.

"நீ அப்பவே சொன்ன, கடிக்காதீங்கன்னு. நான் கேக்கல. உன் வேலையை நானே பாழாக்கிட்டேன். கோச்சுக்காத."

இந்த இடத்தில் டாக்டரின் மனத்துக்குள் வீசிய புயலை நான் விரிவாக எழுதியிருந்தேன். தொண்டை அடைத்தது, கை நடுங்கியது, கண் கலங்கி—

[எடுத்துவிட்டேன். புயல் எதுவும் வீசவில்லையாம். "நிம்மதியா இருந்துச்சு சார். அதான் சொல்றேனே, நல்லவளாக்காதீங்கன்னு."]

அவள் அண்ணியின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். கனிவாகச் சொன்னாள்:

"ஆமா அண்ணி. ஐஸ் கடிச்சா இப்படித்தான் ஆகும்."

நான் எழுதிய கதைகளில் திருடர்கள் வந்திருக்கிறார்கள், குடிகாரர்கள் வந்திருக்கிறார்கள், பெற்றவர்களைக் கைவிட்டவர்கள் வந்திருக்கிறார்கள். இந்த வாக்கியத்தை எழுதும்போது வந்த கூச்சம் அவர்கள் யாரை எழுதும்போதும் வந்ததில்லை. ஒருவர் அன்பினால் முன்வந்து நீட்டிய பழியை, அன்பான குரலிலேயே அவர் தலையில் திருப்பி வைப்பது. சின்ன அன்புகளை நம்பி எழுதிப் பிழைப்பவன் நான். அதே சின்ன அன்பு இப்படியும் பயன்படும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

5

பழி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணியேதான் எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் கேலிக்காரர். விஷயம் காதில் விழுந்ததும் மனைவிக்குப் 'பனிக்கரடி' என்று பெயர் வைத்தார். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்து அலமாரி உச்சியில் ஏற்றினார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "தங்கச்சி அவ்வளவு பாடுபட்டு வேலை பாத்திருக்கா. எங்க வீட்டுப் பனிக்கரடி ஒரே கடியில தீத்துட்டாங்க" என்பார். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பள்ளியில் அவரே இதை வேடிக்கையாகச் சொல்லப்போய், அங்கேயும் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது மைதானத்துக்கு வெந்நீர்ப் புட்டிதான் எடுத்துப் போகிறார். ஐஸ் கடிப்பது பல்லுக்கு நல்லதல்ல என்பது நிஜம்தானே, இதனால் ஒரு நன்மை விளைந்தது என்று—

[நன்மை தேடும் பழக்கம் என்னைவிட்டுப் போகாது போலிருக்கிறது.]

ஒருநாள் மேஜையில் அண்ணன் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார். விருந்தாளிகள் இருந்தார்கள். கதையை முதலிலிருந்து நடித்துக் காட்டினார்: அண்ணி கடிப்பது, பல் அழுவது, தங்கை தலையில் கை வைப்பது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார், ஆனால் கையால் வலது கன்னத்தை மூடிக்கொண்டு. அப்புறம், தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து உள்ளே போனார். மேஜையில் தண்ணீர் நிறைந்த கூஜா இருந்தது.

"அப்ப நான் என்ன பண்ணேன் தெரியுமா சார்?" என்று டாக்டர் என்னைக் கேட்டாள். என் பல்லுக்குள் அப்போது பசை இறங்கிக்கொண்டிருந்தது.

'ம்?'

"நானும் சிரிச்சேன்."

 உதவியாளர் அக்கா விளக்கைச் சரிசெய்தார். கடைசியில் டாக்டர் சொன்னது, அடுத்த வியாழக்கிழமை அண்ணியின் பல்லை மறுபடி திறக்கப்போவதாக. இந்த முறை நான்காவது குழாயை விடமாட்டாள். ஒழுங்காகச் சுத்தம் செய்தால் நிழல் மெல்ல மறையும், வலி போகும். அண்ணி இன்னும் நாலு பேரிடம் போய் அவள் கையைப் புகழ்வார். கெடுத்ததற்கு அவருக்குப் பழி, சரிசெய்ததற்கு இவளுக்குப் புகழ். சொல்லாமலே இருந்துவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்பதுதான் அவளை உறங்கவிடாமல் செய்தது.

6

வியாழக்கிழமைக்கு முன்பே கதையை முடித்துவிட நினைத்தேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு, "போடி பைத்தியம்" என்கிறார். இருவரும் அழுகிறார்கள். எழுதும்போதே எனக்கும் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரைத்தான் நான் முதலில் சந்தேகித்தேன். மன்னிப்புக் கட்டாயம் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு உண்மை பேசுவதற்கு என்ன தைரியம் வேண்டும்? மேலும், அண்ணி ஏன் உடனே மன்னிக்க வேண்டும்? யாருக்கும் தெரியாமல் மாத்திரை விழுங்கியவர் அவர். விருந்தாளிகளின் முன்னால் கன்னத்தை மூடிக்கொண்டவர் அவர். அவர் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க வேண்டும் என்பதை நானா முடிவு செய்வது?

இரண்டாவதில் அண்ணிக்கு எல்லாம் முன்பே தெரியும். பசை பாத்துக்கும் என்று டாக்டர் சொன்னது அன்றே அவர் காதில் விழுந்திருக்கிறது. தெரிந்தே பழியை ஏற்றுக்கொண்டார். இது என் வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இதில் அண்ணி மனுஷியாக இல்லை, கோயில் சிலையாக நிற்கிறார். அவரைச் சிலையாக்கிவிட்டால் டாக்டர் சொல்ல வேண்டியது எதுவும் மிஞ்சாது, கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் இது அநியாயம்.

மூன்றாவதில் டாக்டர் பேசாமல் பல்லைச் சரிசெய்கிறாள். வலி போகிறது. பனிக்கரடி என்ற பெயரும் நாளாவட்டத்தில் பழகிப்போகிறது. யாருக்கும் நஷ்டமில்லை. எழுத மிகவும் சுலபமாக இருந்தது இதுதான். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, உள்ளே ஒரு குழாயைத் திறக்காமலே மேலே அழகாக அடைத்து மூடியதுபோல இருந்தது.

மூன்றையும் எடுத்து வைத்துவிட்டேன்.

7

வியாழக்கிழமை எனக்கும் முறை இருந்தது, பல்லுக்கு உறை மாட்ட. (கதைக்காகப் போனேன் என்று நினைத்தால் அதையும் மறுக்க மாட்டேன். உறையை வெள்ளிக்கிழமையும் மாட்டியிருக்கலாம்.)

காத்திருப்போர் அறையில் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தடகளக் காலணி அணிந்த ஒரு பெண்மணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தில் விசில் கயிறு. அவர் வாய் திறக்கும் முன்பே எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. என் முகம் வெளிறிப்போயிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் எனக்குத்தான் தைரியம் சொன்னார்.

"பயப்படாதீங்க சார். அவ கை பட்டா வலியே தெரியாது. எங்க வீட்டுப் பொண்ணுதான்."

நான் தலையசைத்தேன்.

"எனக்கு இது ரெண்டாவது தடவை. மொதல் தடவை அவ நல்லாத்தான் பண்ணா. நான்தான் ஐஸ் கடிச்சுக் கெடுத்துட்டேன்."

தன் பெயரையும் ஊரையும் சொல்வதுபோல அவ்வளவு பழகிய குரலில் சொன்னார். பலரிடம் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. இந்த முறை என் வாயில் எந்த விரிப்பும் இல்லை. இல்லை அம்மா, நீங்கள் கெடுக்கவில்லை என்று சொல்ல நாக்கு, உதடு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அது என் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை அல்ல. நான் சொன்னால் டாக்டரிடமிருந்து அதைத் திருடியதாகும். சொல்லாவிட்டாலோ, அந்த மேஜையில் சிரித்தவர்களோடு நானும் ஒருவன். 'ம்' என்றேன்.

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள போகவே வெக்கமா இருக்கு சார். அவளுக்கு எவ்வளவு வேலை. என்னால இன்னொரு தடவை."

வெட்கப்பட வேண்டியவள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடினேன். எழுத உட்காரும்போது வராத வேண்டுதல் அப்போது வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

கதவு திறந்தது. டாக்டரே வந்து நின்றாள், முகக்கவசம் இல்லாமல், கையுறை இல்லாமல். என்னைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வாங்க அண்ணி. அக்கா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்க."

உதவியாளர் அக்கா கையில் தட்டோடு வெளியே வந்தார். அண்ணி பழக்கத்தில் நேராகச் சாய்வு நாற்காலிக்குப் போய்ப் படுத்து, கண்ணை மூடி, வாயையும் திறந்துவிட்டார்.

"அதுல இல்ல அண்ணி. இங்க வந்து உக்காருங்க. வாயைத் திறக்க வேண்டாம்."

"என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா இல்லியா?"

கதவு சாத்தப்பட்டது.

அதற்குப் பிறகு அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அல்லது, இந்தப் பல்லுக்கு இன்னும் ரெண்டு மூணு தடவை வர வேண்டியிருக்கும் அண்ணி என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் ஒரு டாக்டர் எதிரே உட்கார வைப்பதுண்டு. கையுறை இல்லாததை வைத்து நான் எதையும் எழுதிவிட மாட்டேன். என் கை எப்படிப்பட்டது என்று இந்நேரம் உங்களுக்குத் தெரியும்.

அண்ணியின் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல். ஒரு மரக்கதவு அதை எவ்வளவு தடுக்கும்? உள்ளே அவர் சிரித்தாலும் கேட்கும், கத்தினாலும் கேட்கும், பேச்சு நின்றுபோனால் அதுவும் கேட்கும். நான் எழுந்து, அறையின் மறு ஓரத்தில், தெருவைப் பார்த்த ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தேன். வண்டிகளின் இரைச்சல் அங்கே நன்றாகக் கேட்டது.

"ஏன் சார் அங்க போயிட்டீங்க?" என்றார் உதவியாளர் அக்கா. "அடுத்தது நீங்கதானே?"

"இருக்கட்டும்மா. எனக்கு அவசரமில்ல."

கதவை ஒட்டிய நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமானால் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.